மதிப்பெண்ணுக்கு ஒரு மொழியா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்து ஒரு வாரம் கழிந்த வேளையில் காரங்காட்டில் என் அக்காள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அலையாத்திக் காட்டைச் சுற்றிக் காட்டும் படகுத் துறையில் வெளியூர்க் கூட்டம் நின்றது. ஊருக்குள் வலையில் சிக்கிய நண்டுகளைக் கால் ஒடியாமல் எடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அக்காள் மகள் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். நகரத்துக் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்புக்கு இடம் கிடைத்த மகிழ்ச்சி வீட்டில் நிறைந்திருந்தது. சேர்க்கைப் படிவத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"மாமா, மொழிப் பாடத்துக்குப் பிரெஞ்சு எடுக்கச் சொல்கிறார்கள். தமிழ் என்றால் மதிப்பெண் குறையுமாம். பிரெஞ்சில் நூற்றுக்கு நூறு வாங்கலாமாம்."

"பிரெஞ்சு படித்து யாரோடு பேசப் போகிறாயம்மா?" என்று கேட்டேன்.

"பேசுவதற்கா மாமா அதை எடுக்கிறார்கள்?" என்று அவள் வியப்போடு திருப்பிக் கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. பிள்ளை பொய் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னாள். மொழி என்பது பேசுவதற்கு என்னும் எண்ணமே அவள் மனத்தில் எழாதபடி அவளைச் சுற்றியிருக்கும் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெற்றோர், ஆசிரியர், பள்ளி நிர்வாகிகள் என நம்மில் எவரும் இதில் விலக்கல்லர். இக்கட்டுரை சிலருக்குக் கசக்கலாம். கசந்தாலும் எழுதியாக வேண்டும் என்றே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் நிலைமை என்னவென்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். 1968ஆம் ஆண்டு சட்டப்பேரவைத் தீர்மானத்துக்குப் பின் நம் பள்ளிகளில் இருமொழிக் கொள்கை நடைமுறையில் உள்ளது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015–16ஆம் கல்வியாண்டில் பத்தாம் வகுப்பை எட்டியது. ஆகவே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். பதினோராம் வகுப்பில் கதவு திறக்கிறது. அங்கே பிரெஞ்சும் செருமனும் அரபும் சமஸ்கிருதமும் மொழிப் பாடமாகக் காத்திருக்கின்றன. பிள்ளை முதன்முறையாகத் தானே ஒரு மொழியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அந்தப் பதினைந்து, பதினாறு வயதில் வருகிறது. அருமையான வாய்ப்பு! அதை நாம் என்ன செய்கிறோம்? கடையில் எந்தச் சரக்கு மலிவு என்று விசாரிப்பதுபோல், எந்த மொழியில் மதிப்பெண் மலிவு என்று விசாரிக்கிறோம்.

பிரெஞ்சு மொழியின்மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை. நம் கடற்கரையிலேயே வடக்கே சென்றால் காரைக்கால் இருக்கிறது. அதற்கு அப்பால் புதுச்சேரி. அங்கே பல குடும்பங்களுக்குப் பிரெஞ்சு உயிருள்ள மொழி. மகன் பாரீசில் இருக்கிறான், ஓய்வூதியம் அங்கிருந்து வருகிறது, பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் அந்த மொழியில்தான் சண்டை போடுகிறார்கள். அந்தக் குழந்தைகள் பிரெஞ்சு படிப்பதில் பொருள் உண்டு. ஆனால் இராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளை இரண்டாண்டு படித்துவிட்டு, அச்சிட்ட விடைக் குறிப்பேட்டை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு, கல்லூரியில் சேர்ந்த மூன்றாம் மாதம் 'நலமா' என்று கேட்கக்கூட வாய் வராமல் நிற்கிறதே, அதைத்தான் கேட்கிறேன். அப்படி எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். பிரெஞ்சில் ஏறத்தாழ முழு மதிப்பெண் வாங்கிய ஓர் இளைஞனிடம் அந்த மொழியில் தன் பெயரைச் சொல்லும்படி கேட்டேன். சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் பரீட்சையோடு போச்சுங்க ஐயா" என்றான்.

சரி, அந்த மதிப்பெண்ணாவது எங்கேனும் உதவுகிறதா? இதைப் பெற்றோர் ஒருமுறை நின்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குத்தான் தரம் கணக்கிடப்படுகிறது. மொழிப் பாடம் அதில் வருவதே இல்லை. மருத்துவப் படிப்புக்கு 2017 முதல் நீட் தேர்வே வாசல். அங்கும் மொழி மதிப்பெண் எட்டிப் பார்க்காது. மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று செய்தித்தாளில் படம் வரும் என்பீர்களானால், அந்தத் தரவரிசை அறிவிப்பையே தேர்வுத் துறை 2017இல் நிறுத்திவிட்டது. அப்படியானால் இந்த நூற்றுக்கு நூறு யாருக்காக? பள்ளி வாசலில் கட்டும் பதாகைக்காக. மொத்த மதிப்பெண் எத்தனை என்று உறவினர் கேட்கும்போது சொல்லும் பெருமைக்காக. இதற்காக ஒரு பிள்ளையின் தாய்மொழிக் கல்வி பத்தாம் வகுப்போடு அறுக்கப்படுகிறது. அதற்கு ஈடாக வரும் மொழியும் அதற்கு வந்து சேர்வதில்லை. கையிலிருந்த காசும் போய், வாங்கிய பொருளும் வீடு வந்து சேராத வணிகம் இது.

நம் பள்ளிகள் இதில் பங்கேற்பதுதான் எனக்குப் பெரிய வேதனை. வேறு எவர் செய்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். அயல்மொழி கற்றல் என்றால் என்னவென்று தமிழகத்துக்குக் கற்றுக்காட்டியதே நம் மறையின் வரலாறு அல்லவா?

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த தூய சவேரியார் தமிழ் அறிந்தவர்களை உட்காரவைத்து மன்றாட்டுகளை மொழிபெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு ஊர் ஊராய்ச் சென்றார். அவசரம் அப்படி. ஆனால் அந்த மனப்பாடம் போதாது என்று உணர்ந்து, அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழின் இலக்கணத்துக்குள்ளேயே இறங்கினார். போர்த்துக்கீசிய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணமே எழுதினார். 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சாகி வெளிவந்தது, பதினாறே பக்கங்கள். இந்தியாவில் ஓர் இந்திய மொழியின் எழுத்து அச்சேறிய முதல் நூல்களின் வரிசையில் அதற்கு இடம் உண்டு. அந்த மனிதர் எந்தத் தேர்வும் எழுதவில்லை. வேம்பாற்றுப் பரதவனிடம் அவனது சொல்லிலேயே பேச வேண்டும் என்ற ஒரே தேவை அவரைக் கற்கவைத்தது.

காரங்காட்டுக்கு அண்டையிலேயே ஓரியூர் இருக்கிறது. லிஸ்பன் நகரில் 1647இல் பிறந்து, பண்டார சுவாமி உடையில் மறவ நாட்டில் நடந்து, 1693 பெப்ருவரி 4ஆம் நாள் அங்கே தலை கொடுத்த அருளானந்தர் எந்த மொழியில் போதித்தார்? ஆண்டுதோறும் ஓரியூருக்குத் திருப்பயணம் போகிறோம்; செம்மண் எடுத்து வருகிறோம். அந்த மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு வந்து, 'மொழியா, எதில் மதிப்பெண் அதிகமோ அதை எடு' என்று பிள்ளைக்குச் சொல்கிறோம்.

வீரமாமுனிவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை; அவர் பெயரில் ஆண்டுக்கொரு பேச்சுப் போட்டி நடத்தாத கத்தோலிக்கப் பள்ளி உண்டா? தனிநாயகம் அடிகளாரைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். அவர் நம்மில் ஒருவர், அயல்மொழிகளைக் கற்றவர். யாழ்ப்பாணத்துக் கரம்பொனில் 1913இல் பிறந்து, உரோமையில் குருத்துவக் கல்வி பெற்று, நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தவர். போர்த்துக்கீசியமும் இசுபானியமும் இத்தாலியமும் அறிந்த அவர் அந்த அறிவை என்ன செய்தார்? 1554இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் மறைக்கல்வி நூல், 'தம்பிரான் வணக்கம்', 1679இல் அச்சான புரோயென்சா அடிகளின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி முதலியவற்றைப் பற்றி உலகறிய எழுதினார். அந்த அகராதியை 1966இல் மறுபதிப்பாகவும் கொண்டுவந்தார். போர்த்துக்கீசியம் தெரியாத தமிழறிஞர் ஒருவர் அந்த நூலகங்களின் வாசலில் நின்று திரும்பியிருப்பார். அயல்மொழியை அவர் தமிழுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நம் பிள்ளைகளோ அயல்மொழியைக் காட்டித் தமிழிலிருந்து வெளியேறுகிறார்கள்.

இன்றைய எடுத்துக்காட்டு வேண்டுமா? செருமனியில் பங்குப் பணி செய்யும் தமிழ்க் குருக்களைக் கேளுங்கள். போன சில மாதங்களுக்குள் அந்த மொழியில் மறையுரை ஆற்றியாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. ஞாயிறு காலை எதிரே உட்கார்ந்திருக்கும் மூதாட்டிக்குப் புரிய வேண்டும். அந்த மூதாட்டிதான் அவர்களுக்குத் தேர்வு.

ஆகவே என் கேள்வி இதுதான்: காரங்காட்டுப் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் அயலான் யார்? பாரீசு நகரத்தானா?

கரையில் நின்று கிழக்கே பாருங்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நமக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம் எவ்வளவோ பக்கம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. எழும்பூரில் ஏறியவன் போட்மெயிலில் வந்து, கப்பல் மாறி, கொழும்பில் இறங்கினான். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னும் இராமேசுவரத்திலிருந்து எண்பதுகளின் தொடக்கம் வரை கப்பல் ஓடியது. இந்த மாவட்டத்தில் கொழும்புக் கடையில் வேலை பார்த்தவர் இல்லாத தெரு அக்காலத்தில் அரிது. என் பாட்டனார் புறக்கோட்டையில் பலசரக்குக் கடையில் பத்தாண்டு இருந்தவர். கிழவராகி வீட்டில் படுத்திருந்த காலத்திலும் கருவாட்டை எண்ணும்போது அவர் வாயில் 'எக்க, தெக்க, துன' என்றுதான் வரும். நாங்கள் பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டுப் பாட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தோம். அது சிங்களத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்பது எனக்கு விளங்க இருபது ஆண்டுகள் ஆயின. பள்ளிக்கூடம் போகாத அந்த மனிதருக்கு அயல்மொழி ஒன்று தெரிந்திருந்தது. பட்டம் பெற்ற எனக்குத் தெரியாது.

ஆம், நான் சிங்களத்தைத்தான் சொல்கிறேன். இங்கே வாசகர் பலர் இதழைக் கீழே வைத்துவிடக்கூடும் என்பது தெரியும். சற்றுப் பொறுங்கள்.

'அந்த மொழியையா? 1956இல் சிங்களம் மட்டுமே என்று சட்டம் போட்டார்களே. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்களே. 1983 சூலையும் 2009 மே மாதமும் மறந்துவிட்டனவா?' என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. மண்டபம் முகாமைக் கடந்து போகும் எவரும் மறக்க முடியாது. ஆனால் அந்தத் துயரத்தின் வேர்களில் ஒன்று, ஒரு மக்கள் மற்றவரின் மொழியைக் கேட்க மறுத்ததே. அவர்கள் செய்த பிழையை நாமும் செய்தால் நாம் நீதியைக் காத்தவர்கள் ஆவோமா? இலங்கையின் அரசமைப்பில் 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. 2011இல் வெளிவந்த நல்லிணக்க ஆணைக்குழு அறிக்கையும் ஒருவர் மொழியை மற்றவர் கற்கவேண்டும் என்றே பரிந்துரைத்தது. அங்கே போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தமிழ்த் தாயின் பேரன் பள்ளியில் சிங்களம் படிக்கிறான். அவனுக்கு இல்லாத மானக்கேடு நமக்கு எங்கிருந்து வந்தது?

இதைவிட நேரான ஒன்றைச் சொல்கிறேன். என் அத்தான், அதாவது படிவத்தோடு வந்த அந்தப் பிள்ளையின் தகப்பனார், பல ஆண்டுகளுக்கு முன் நடுக்கடலில் ஒருமுறை பிடிபட்டார். இருட்டு. காற்று இழுத்து எல்லைக்கு அப்பால் கொண்டுபோயிருந்தது. ரோந்துப் படகு ஒன்று விளக்கடித்துக்கொண்டு வந்தது. அதிலிருந்து ஒருவன் 'நவத்தன்ன, நவத்தன்ன' என்று கத்தினான். அத்தானுக்கு அது விளங்கவில்லை. 'கிட்டே வா' என்கிறான் போலும் என்று எண்ணி எஞ்சினை முடுக்கி அந்தப் படகை நோக்கியே போனார். வானத்தை நோக்கி வெடி வெடித்தது. அத்தான் வள்ளத்துக்குள் குப்புற விழுந்தார்; உயிர் பிழைத்தது இறைவன் செயல். 'நவத்தன்ன' என்றால் 'நிறுத்துங்கள்' என்று பொருள். ஒரே ஒரு சொல். அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு தோட்டாவின் ஓசையும் ஏழு வாரச் சிறையும் வேண்டியிருந்தன.

நீதிமன்றத்துக்குப் போனால் அங்கே தமிழ் உண்டு என்பீர்கள். உண்மை, ஊர்காவற்றுறையிலும் மன்னாரிலும் வழக்கு தமிழில் நடக்கும். ஆனால் நீதிமன்றத்துக்குமுன் கடல் இருக்கிறது. அங்கே முதல் ஐந்து நிமிடத்தில் பேசப்படும் மொழி வேறு. எல்லா வழக்கும் யாழ்ப்பாணத்தோடு முடிவதும் இல்லை. தங்கச்சிமடத்து மீனவர் ஐவருக்குக் கொழும்பு உயர்நீதிமன்றம் 2014 அக்டோபர் இறுதியில் தூக்குத் தண்டனை விதித்ததையும், நவம்பரில் அவர்கள் மன்னிக்கப்பட்டு வீடு திரும்பியதையும் இந்தக் கரை மறந்திருக்காது.

மொழி தெரிந்தால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடும் என்று நான் வாதிக்கவில்லை. யாழ்ப்பாணக் கரையில் இருப்பவர்கள் தமிழர்கள். பெரும்பாலோர் நம்மோடு ஒரே பலியில் பங்கேற்பவர்கள். ஆயினும் நம் விசைப்படகுகளின் இழுவலை அவர்களுடைய வலையை அறுத்துக்கொண்டு போவதால் அவர்கள் நம்மீது கொண்டிருக்கும் மனத்தாங்கல் பெரிது. 2017இல் இலங்கை இழுவைமடித் தொழிலைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. தமிழிலேயே பேசியும் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. மொழி நியாயத்துக்கு மாற்று ஆகாது. ஆனால் பேச வாயே இல்லாதவன் நியாயத்தை எப்படி எடுத்துச் சொல்வான்?

அயலவர் என்று நாம் எண்ணுவோரில் எத்தனை பேர் அயலவர் என்பதையும் பாருங்கள். நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கத்தோலிக்க மீனவ ஊர்களில் பல, சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரை தமிழ் பேசிய ஊர்கள். பள்ளியின் மொழியும் கோயிலின் மொழியும் சிங்களமாகிய பின், இரண்டு மூன்று தலைமுறைகளில் வீட்டு மொழியும் மாறிற்று. நீர்கொழும்பில் முதிய மீனவர்கள் தங்களுக்குள் பேசும் ஒருவகைத் தமிழை மொழியறிஞர்கள் இன்றும் ஆய்கிறார்கள். ஒரு பள்ளி எந்த மொழியைத் தேர்ந்தெடுக்கிறது என்பது எவ்வளவு கனமான செயல் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியாது. தாய்மொழியை விட்டுவிட்டு அயல்மொழிக்குப் போகக்கூடாது என்பதற்கும் அதுவே சான்று. என் வாதத்தை எனக்கு எதிராகவே திருப்ப வருவோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தமிழை விட்டுச் சிங்களம் படியுங்கள் என்று நான் சொல்லவில்லை. தமிழை வைத்துக்கொண்டு அதையும் படியுங்கள் என்கிறேன்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு இது விளங்கும். 2016 டிசம்பரில் அங்கே புதிய ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. இரு கரைகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். சிங்களக் கத்தோலிக்கரும் வருகிறார்கள். அவர்களும் நாமும் ஒரே மணலில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துறங்கி, ஒரே சிலுவைப் பாதையில் நடந்து, சைகை காட்டிச் சிரித்துவிட்டுப் பிரிகிறோம். மடுமாதா கோயிலில் ஆகஸ்டு மாதம் இரு மொழியினரும் கூடுவதும் அப்படியே. 2015 சனவரி 14ஆம் நாள் காலையில் கொழும்பில் யோசேப் வாஸ் அடிகளைப் புனிதராக உயர்த்திவிட்டு, அன்று பிற்பகலே திருத்தந்தை பிரான்சிஸ் மடுவுக்குச் சென்றார். அந்த யோசேப் வாஸ் யார்? கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்களுக்குத் தடை இருந்தபோது, 1687இல் ஏழை உழைப்பாளி உடையில் கடல் கடந்து அங்கே இறங்கியவர். தமிழையும் சிங்களத்தையும் கற்று இரு மக்களுக்கும் பணி செய்தார். அவருக்குப் பின் சென்ற யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் இரு மொழிகளிலும் நூல்களே எழுதிக் குவித்தார். கொங்கணி பேசிய இவர்களால் முடிந்தது, சோழர் காலம் தொட்டு எதிர்க்கரையோடு உறவும் பகையும் கொண்டாடும் நமக்கு முடியாதா?

கடினமான மொழி என்றும் சொல்ல முடியாது. 'மம கெதர யனவா' என்றால் 'நான் வீட்டுக்குப் போகிறேன்'. சொல் வரிசை அப்படியே நம் வரிசை. அம்மா அங்கேயும் அம்மா. அக்கா அங்கேயும் அக்கா. போர்த்துக்கீசியர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன மேசையும் சன்னலும் அலமாரியும் அவர்களிடமும் சற்றே உருமாறிக் கிடக்கின்றன. பேச்சு வேறு, எழுத்து வேறு என்ற தொல்லை நமக்குப் போலவே அவர்களுக்கும் உண்டு. எழுத்து மட்டும் சற்று வட்டவட்டமாய்ச் சுழலும். பிரெஞ்சில் எழுதியதில் பாதியை உச்சரிக்காமல் விழுங்கப் பழகும் பிள்ளைக்கு இது பெரிய பாரம் ஆகாது.

அரசு வழி விடுமா என்று கேட்பார்கள். 2020இன் தேசியக் கல்விக் கொள்கை உயர்நிலைப் பள்ளியில் கற்கத்தக்க அயல்மொழிகள் என்று கொரியம், சப்பானியம், தாய், பிரெஞ்சு, செருமன், இசுபானியம், போர்த்துக்கீசியம், உருசியம் எனச் சிலவற்றை எடுத்துக்காட்டுகிறது. தாய்லாந்து மொழி இருக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவில் பேசப்படும் மொழி இல்லை. தில்லியில் உட்கார்ந்து வரைந்தவர்களுக்குக் கடல் தெரியவில்லை போலும். சென்னையிலும் அப்படித்தான், மும்மொழியா இருமொழியா என்று 2025இல் எழுந்த பெரும் வாதத்தில் இந்தியைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். அந்த வாதத்தில் என் நிலை இருமொழிக்குச் சார்பானது. ஆனால் கடலோரத்துப் பிள்ளைக்கு எந்த மொழி வேண்டும் என்று இரு தரப்பிலும் ஒருவரும் கேட்கவில்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் சிங்களம் மொழிப் பாடமாக இல்லாததால் அதில் தேர்வெழுத முடியாது என்பது உண்மையே. நல்லது. தேர்வு இல்லை என்றால் மதிப்பெண்ணும் இல்லை; மொழி மட்டும்தான் மிஞ்சும். மேல்நிலைத் தேர்வுக்குத் தமிழையே எடுக்கட்டும். மாலையில் ஒரு மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள், பங்கு மன்றத்தில் பேச்சுச் சிங்களம் கற்கட்டும்.

ஆசிரியர் எங்கே என்பது அடுத்த கேள்வி. மண்டபம் முகாமில் இருக்கிறார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை அனுப்புமுன் தங்கவைத்த இடத்திலேயே, 1983க்குப் பின் அகதிகளாக வந்தவர்களைத் தங்கவைத்தோம். 2022இல் பஞ்சம் பிழைக்க வந்தவர்களும் அங்கேயே சேர்ந்தார்கள். அவர்களில் சிங்களத்தில் படித்தவர்கள், சிங்களருக்கு நடுவே வாழ்ந்தவர்கள், அந்த மொழியில் வழக்காடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நாற்பதாண்டுகளாக அவர்களுக்கு அரிசியும் பழைய துணியும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம். ஒரு நாளாவது, 'ஐயா, எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் ஒன்று கற்றுத்தர முடியுமா?' என்று கேட்டிருக்கிறோமா? தமிழ் வழியே சிங்களம் கற்பிக்கும் நூல்களை இலங்கையின் அரசகரும மொழிகள் திணைக்களமே வெளியிட்டிருக்கிறது; வாங்கி வர ஒரு குருவானவர் யாழ்ப்பாணம் போய் வந்தால் போதும்.

அரபியைப் பற்றியும் ஒரு சொல். நம் இளைஞர் பலர் பகுரைனிலும் சவூதியிலும் மீன்பிடிக்கப் போகிறார்கள். அரபு மாநிலப் பாடத்திட்டத்தில் மொழிப் பாடமாகவே இருக்கிறது. கீழக்கரையில் இசுலாமியச் சகோதரர்கள் அதை ஓதிக் கற்கிறார்கள். நம் பள்ளிகளோ 'அது அவர்கள் மொழி' என்று விட்டுவிடுகின்றன. அந்தியோக்கியாவிலும் எருசலேமிலும் கிறித்தவர்கள் எந்த மொழியில் செபிக்கிறார்கள் என்று நம்மவருக்கு யார் சொல்வது?

பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சற்றுக் கடுமையாகவே வைக்கிறேன். பிரெஞ்சு வகுப்பு நடத்துவதானால் உண்மையாய் நடத்துங்கள். இரண்டாண்டு முடிவில் பிள்ளை ஒரு கடிதம் எழுத, ஒரு செய்தித்தாளை வாசிக்க, ஒரு மனிதரோடு கால்மணி நேரம் பேச வேண்டும். அது முடியாதென்றால் அந்தப் பாடத்தைத் தூக்கிவிடுங்கள். சேர்க்கையின்போது, 'தமிழ் எடுத்தால் மொத்தம் குறையும்' என்று அலுவலகத்தில் உட்கார்ந்து பெற்றோர் காதில் ஓதுவதை நிறுத்துங்கள். தமிழாசிரியர் கண்டிப்பாய்த் திருத்துகிறார் என்பது ஒரு மொழியைக் கைவிடப் போதுமான காரணமா? அப்படியானால் திருத்தும் முறையைப் பற்றித் தேர்வுத் துறையோடு வழக்காடுங்கள்; நானும் உடன் வருகிறேன்.

இவ்வளவும் அக்காள் வீட்டுத் திண்ணையில் சொன்னேன். அத்தான் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மகளிடம், "மாமா சொல்றது நியாயந்தான்மா. ஆனா படிவத்துல ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாச்சு" என்றார். படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன். மொழி என்ற கட்டத்தில் 'பிரெஞ்சு' என்று பள்ளி அலுவலகமே தட்டச்சு செய்து கொடுத்திருந்தது. பெற்றோர் கையொப்பத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

அவள் இப்போது பிரெஞ்சுதான் படிக்கிறாள். சென்ற மாதம் போயிருந்தபோது குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன், அழகான கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் 'நவத்தன்ன' என்று எழுதி, அதற்குக் கீழே இன்னும் ஏழெட்டுச் சிங்களச் சொற்களைத் தமிழில் எழுதி வைத்திருந்தாள். யாரிடம் கேட்டாள் என்று விசாரித்தேன். தகப்பனாரிடமாம்; சிறையில் ஏழு வாரத்தில் அவர் கற்றது அவ்வளவுதானாம்.